இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஒரு வாரம், செலவு ஆறு மாசம்: அப்பா அம்மாவுக்காக நீங்க போட வேண்டிய கணக்கு



"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது." பாத்ரூம்ல வழுக்கி விழுந்த அம்மாவுக்கோ, கட்டில்ல இருந்து இறங்கும்போது தடுமாறி விழுந்த தாத்தாவுக்கோ இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர் வெளியே வந்து இதைத்தான் சொல்வார். வீட்ல எல்லாருக்கும் அப்பதான் மூச்சு வரும். இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்துடும், அஞ்சாறு நாள்ல டிஸ்சார்ஜ். செலவு முடிஞ்சதுன்னு நினைச்சு வண்டியைப் பிடிச்சு வீட்டுக்கு வந்துடுவோம்.

பெரிய செலவே அதுக்கு அப்புறம்தான். சர்ஜரிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கு. சர்ஜரிக்குப் பிறகு வர்ற ஆறு மாசத்துக்கு, பெரும்பாலும் உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்தான் இன்சூரன்ஸ். அந்த ஆறு மாசத்துல பணம் இல்லாம எதையாவது குறைச்சா, அது நேரா அம்மாவோட உடம்புலதான் போய் நிக்கும். அதனால இந்தப் பதிவுல ரெண்டையும் சேர்த்தே பார்ப்போம்: உடம்பு எப்படித் தேறுது, பணம் எங்கே போகுது.

நான் சிஏ, டாக்டர் இல்ல. மருத்துவ விஷயங்களை, செலவைப் புரிஞ்சுக்க எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் சொல்றேன். சிகிச்சை முடிவு உங்க ஆர்த்தோ டாக்டரோடது.

முதல்ல, உடைஞ்சது எது?

நாம "இடுப்பு எலும்பு"ன்னு சொன்னாலும், பெரும்பாலும் உடையறது தொடை எலும்போட மேல் முனை. அதுல முக்கியமா ரெண்டு இடம் இருக்கு.

ஒண்ணு, தொடை எலும்போட கழுத்துப் பகுதி. இங்கே உடைஞ்சா எலும்புத் தலைக்குப் போற ரத்த ஓட்டம் கெட வாய்ப்பு அதிகம். அதனால வயசானவங்களுக்குப் பெரும்பாலும் உடைஞ்ச தலையை எடுத்துட்டு செயற்கைப் பந்து வைப்பாங்க. பாதி மூட்டு மாற்றும் இருக்கு, முழு மூட்டு மாற்றும் இருக்கு.

இன்னொண்ணு, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே. இங்கே உடைஞ்சா ராடு, ஸ்க்ரூ, ப்ளேட் வச்சு எலும்பைச் சேர்ப்பாங்க.

இது உங்களுக்கு எதுக்குத் தெரியணும்? எஸ்டிமேட்ல இம்ப்ளான்ட் விலை, எப்போ கால் ஊனலாம், பின்னாடி என்ன சிக்கல் வரலாம், எல்லாமே இதைப் பொறுத்துதான் மாறும். அட்மிஷன் அன்னிக்கே டாக்டர்கிட்ட "எந்த இடத்துல உடைஞ்சிருக்கு? என்ன இம்ப்ளான்ட் வைக்கப் போறீங்க?"ன்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க.

செலவுக்குப் பயந்து "ஆபரேஷன் வேண்டாம், கட்டு போட்டுக்கலாம்"னு சொல்ற சொந்தக்காரர் ஒருத்தர் எல்லா வீட்லயும் இருப்பார். புத்தூர் கட்டுக்கு நம்ம ஊர்ல எவ்வளவு பேர் இருக்குன்னு எனக்கும் தெரியும். ஆனா இது கை எலும்பு மாதிரி வெளியில இருந்து கட்டி அசையாம வைக்கக்கூடிய இடம் இல்ல. ஆபரேஷன் இல்லைன்னா வாரக்கணக்குல படுத்தே கிடக்கணும். வயசானவங்களுக்கு அந்தப் படுக்கைதான் ஆபத்து. முடிஞ்சவரைக்கும் ஒன்று ரெண்டு நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும்னுதான் உலகம் முழுக்க மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்லுது. பணம் புரட்டறதுக்காக ஒரு வாரம் தள்ளிப்போடறது சேமிப்பு ஆகாது.

உடம்பு தேறுற டைம்டேபிள்

முதல் வாரம்: சிக்கல் எதுவும் இல்லைன்னா ஆபரேஷனுக்கு அடுத்த நாளே உட்கார வச்சு, வாக்கர் பிடிச்சு நிக்க வைக்கப் பார்ப்பாங்க. "இவ்ளோ சீக்கிரமாவா? அம்மாவுக்கு வலிக்குதே"ன்னு நாம தடுக்கக்கூடாது. இந்த வாரத்துல சில பேருக்குத் திடீர்னு குழப்பம் வரும். ராத்திரி ஊர் பேர் தெரியாம பேசுவாங்க, ட்யூபைப் பிடுங்குவாங்க. வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இது அடிக்கடி வர்ற ஒண்ணு. பைத்தியம்னு பயப்பட வேண்டாம், டாக்டர்கிட்ட உடனே சொல்லணும். தெரிஞ்ச முகம், கண்ணாடி, காதுமெஷின் பக்கத்துல இருந்தா உதவும்.

2 முதல் 6 வாரம்: வீட்ல நடக்கிற கட்டம். காலில் ரத்தக்கட்டி வராம இருக்க ஊசியோ மாத்திரையோ சில வாரம் தொடர்ந்து கொடுப்பாங்க. படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, நிமோனியா, மூத்திரத் தொற்று, மலச்சிக்கல், தையல் போட்ட இடத்துல சீழ், எல்லாத்தையும் கவனிக்க வேண்டிய காலம் இதுதான். செயற்கைப் பந்து வச்சவங்களுக்கு மூட்டு நழுவற ஆபத்தும் இருக்கு. சம்மணம் போடறது, தரையில உட்கார்றது, இந்தியன் டாய்லெட், தாழ்வான சோபா, எல்லாத்துக்கும் டாக்டர் தடை போடுவார்.

3 மாசம்: எலும்பு சேர்ந்திருக்கான்னு எக்ஸ்ரேல பார்ப்பாங்க. ஸ்க்ரூ வச்சவங்களுக்கு ஸ்க்ரூ நகர்ந்து வெளிய வர்றது, எலும்பு சேராம போறது மாதிரி சிக்கல் இருந்தா தெரிய ஆரம்பிக்கும். அப்படி ஆனா ரெண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம்.

6 மாசம் முதல் ஒரு வருஷம்: நடையில வர்ற முன்னேற்றத்துல பெரும்பகுதி முதல் ஆறு மாசத்துக்குள்ளதான் வரும். விழறதுக்கு முன்னாடி எப்படி நடந்தாங்களோ அதே நடைக்குத் திரும்பறவங்க ஏறக்குறைய பாதிப் பேர்தான்.

இன்னொரு எண்ணையும் சொல்லணும். வயசானவங்களுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சா, ஒரு வருஷத்துக்குள்ள இறக்கறவங்க சுமார் 20 முதல் 30 சதவீதம்னு பல நாட்டு ஆய்வுகள் காட்டுது. உடைஞ்ச எலும்பு நேரடியா உயிரை எடுக்கறது இல்ல. படுக்கையில வர்ற நிமோனியா, ரத்தக்கட்டி, தொற்று, ஏற்கெனவே பலவீனமா இருக்கிற இதயம், சிறுநீரகம், இதெல்லாம்தான் காரணம். பயமுறுத்த இதைச் சொல்லல. "பிசியோ வாரம் அஞ்சு நாள் எதுக்கு, ரெண்டு நாள் போதும்"னு பட்ஜெட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இந்த எண் ஞாபகத்துல இருக்கணும்.

இப்போ கணக்கு

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துப்போம். சென்னையில வேலை பார்க்கிற ஒருத்தர், கையில வர்ற சம்பளம் மாசம் ₹54,000. கம்பெனி குரூப் பாலிசியில அம்மாவுக்கு ₹3 லட்சம் கவர் இருக்கு. ரூம் வாடகை வரம்பு நாளுக்கு ₹4,000, பெற்றோருக்கு 10% கோ-பே. அம்மாவை நாளுக்கு ₹6,000 ரூம்ல 6 நாள் வச்சிருக்காங்க. தொகைகள் எல்லாம் நான் போட்டுக்கிட்டது. உங்க ஊர் ரேட்டைப் போட்டு மாத்திக்கோங்க.

ஆஸ்பத்திரி பில்:

- ரூம்: ₹36,000
- சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங்: ₹90,000
- இம்ப்ளான்ட்: ₹45,000
- மருந்து, டெஸ்ட்: ₹40,000
- கிளவுஸ், டயப்பர், வாக்கர், ஏர் பெட் வகையறா: ₹14,000
- மொத்தம்: ₹2,25,000

₹3 லட்சம் கவருக்குள்ளதானே இருக்கு, முழுசா வந்துடும்னு நினைப்பீங்க. வராது.

ரூம் வரம்பு 4,000, எடுத்தது 6,000. மூணுல ரெண்டு பங்குதான். ரூம் வாடகையில மட்டும் இல்லாம, டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங்ல கூட அதே மூணுல ரெண்டு பங்குதான் கொடுப்பாங்க. இதுக்குப் பேர் விகிதாசாரக் கழிவு. அப்போ ரூம்ல ₹12,000, டாக்டர் வகையறால ₹30,000 போச்சு. ஒரு நல்ல செய்தி: இம்ப்ளான்ட், மருந்து, டெஸ்ட்ல இந்த விகிதக் கழிவு போடக்கூடாதுன்னு விதி இருக்கு. உங்க செட்டில்மென்ட் லெட்டர்ல அதையும் வெட்டியிருந்தா கேள்வி கேளுங்க.

கடைசி வரி ₹14,000 முழுசாப் போச்சு. மிச்சம் ₹1,69,000-ல 10% கோ-பே ₹16,900. இன்சூரன்ஸ் கொடுக்கிறது ₹1,52,100. உங்க கையில இருந்து ₹72,900.

இது ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். வீட்டுக்கு வந்த பிறகு ஆறு மாசம்:

- பார்த்துக்க ஆள், நாளுக்கு ₹700, 60 நாள்: ₹42,000
- வீட்டுக்கு வர்ற பிசியோ, ஒரு தடவைக்கு ₹500, மொத்தம் 48 தடவை: ₹24,000
- வாடகைக் கட்டில், ஏர் பெட், கமோட் சேர்: ₹12,000
- மருந்து, ஊசி, டயப்பர், மாசம் ₹3,000 வீதம்: ₹18,000
- ரிவ்யூ, எக்ஸ்ரே, டாக்ஸி, நாலு தடவை: ₹12,000
- பாத்ரூம்ல கைப்பிடி, வெஸ்டர்ன் டாய்லெட், வழுக்காத தரை: ₹20,000
- உங்க லாஸ் ஆஃப் பே 10 நாள்: ₹18,000
- மொத்தம்: ₹1,46,000

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுன்னு பாலிசியில இருந்து ஒரு ₹20,000 திரும்ப வந்தாலும், கையில இருந்து போறது ₹1,26,000.

ரெண்டையும் கூட்டுங்க: ₹1,98,900. ஏறக்குறைய மூணே முக்கால் மாசச் சம்பளம். அதுல 60 சதவீதத்துக்கு மேல ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு ஆன செலவு. எமர்ஜென்சி ஃபண்டுக்கு "சர்ஜரிதான் கவர் ஆகுதே"ன்னு பதில் சொல்றவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க.

இன்சூரன்ஸ்ல எங்கே ஓட்டை விழுது?

1. 60 நாள் எல்லை. பல பாலிசிகள்ல அட்மிஷனுக்கு முன்னாடி 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் செலவுதான் கவர். ஆரோக்ய சஞ்சீவனிங்கிற ஸ்டாண்டர்ட் பாலிசியிலயும் இதே 30-60 தான். எலும்பு சேர மூணு மாசம், நடை தேற ஆறு மாசம். பாதி வழியிலயே கவர் நின்னுடுது. 90 அல்லது 180 நாள் கொடுக்கிற பாலிசிகளும் மார்க்கெட்ல இருக்கு. பெற்றோருக்குப் பாலிசி எடுக்கும்போது பிரீமியத்தை மட்டும் ஒப்பிடாம இந்த வரியையும் பாருங்க. குரூப் பாலிசிகள்ல சில நேரம் 30 நாள்தான் இருக்கும்.

2. கொடுக்கவே மாட்டோம்னு சொல்ற பட்டியல். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தரப்படுத்தின 68 பொருட்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கு. அதுல நடக்க உதவுற சாதனங்கள், ஏர் பெட், வாட்டர் பெட், டயப்பர், தனி நர்ஸ் சார்ஜ், அட்டெண்டர் சார்ஜ் எல்லாம் வருது. இடுப்பு எலும்பு உடைஞ்சவங்களுக்கு வேண்டிய சாமான் லிஸ்ட்டை அப்படியே எடுத்து வச்ச மாதிரி இருக்கும். கன்ஸ்யூமபிள்ஸ் ரைடர் இருந்தா இதுல சிலது கிடைக்கும். எது கிடைக்கும்னு ரைடர் வாசகத்தைப் படிச்சுப் பாருங்க.

3. "விபத்தா, எலும்புத் தேய்மானமா?" இதை ரொம்பப் பேர் கவனிக்கறது இல்ல. புதுப் பாலிசியில முதல் 30 நாள் காத்திருப்பு விபத்துக்குப் பொருந்தாது. ஆனா மூட்டு மாற்று சிகிச்சைக்கும், வயசால வர்ற எலும்பு மெலிவுக்கும் பல பாலிசிகள்ல ரெண்டு மூணு வருஷக் காத்திருப்பு இருக்கு. மூட்டு மாற்று விபத்தால வந்தா அந்தக் காத்திருப்பு இல்லைன்னு வாசகம் இருக்கும். அம்மா வழுக்கி விழுந்தாங்க, ஆனா கேஸ் ஷீட்ல வெறும் "எலும்பு மெலிவு முறிவு"ன்னு மட்டும் எழுதியிருந்தா, கிளெய்ம்ல கேள்வி வரும். அதனால கேஷுவாலிட்டியில சேர்க்கும்போதே எங்கே, எப்போ, எப்படி விழுந்தாங்கன்னு நடந்ததை நடந்தபடி தெளிவா சொல்லுங்க. ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டு நகல், வாங்கி வச்சுக்கோங்க. பொய்யா ஒரு வார்த்தை கூட எழுதச் சொல்லாதீங்க. உண்மை முழுசா எழுதப்பட்டிருக்கான்னு மட்டும் பாருங்க.

4. வேலையை விட்டா கவர் போயிடும். "அம்மாவைப் பார்த்துக்க வேலையை விட்டுடறேன்"னு முடிவு எடுக்கிறவங்க இருக்காங்க. அந்த மனசைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா வேலையில இருந்து வெளியேறினதும் அம்மாவோட குரூப் கவரும் பொதுவா முடிஞ்சிடும். நாலாவது மாசம் ஸ்க்ரூ நகர்ந்து ரெண்டாவது ஆபரேஷன்னா மொத்தமும் கைக்காசு. முதல்ல லீவ், ஒர்க் ஃப்ரம் ஹோம், சம்பளமில்லா விடுப்பு எல்லாத்தையும் கேட்டுப் பாருங்க. விட்டே ஆகணும்னா, ரிசைன் பண்றதுக்கு முன்னாடியே அதே கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாத்திக்க முடியுமான்னு எச்ஆர்கிட்டயும் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டயும் எழுத்துல கேளுங்க.

இன்னொரு சின்ன விஷயம். டிஸ்சார்ஜ் பில் அனுப்பின மூணு மணி நேரத்துக்குள்ள கேஷ்லெஸ் இறுதி முடிவை இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லணும்னு 2024 மே மாசம் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டிருக்கு. அதுக்கு மேல தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலா சார்ஜ் பண்ணினா, அது இன்சூரன்ஸ் கம்பெனி தலையில. கவுண்டர்ல நிக்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்க.

தனியார் பாலிசி இல்லைன்னா?

உங்க சம்பளம் மாசம் ₹21,000-க்குள்ள இருந்து இஎஸ்ஐ பிடிக்கிறாங்கன்னா, உங்களை நம்பி இருக்கிற பெற்றோருக்கும் (அவங்க வருமானம் மாசம் ₹9,000-ஐத் தாண்டாம இருந்தா) இஎஸ்ஐ மருத்துவம் உண்டு. கார்டுல அவங்க பேர் சேர்த்திருக்கான்னு இன்னிக்கே பாருங்க.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல வருமான வரம்புக்குள்ள இருக்கிற குடும்பங்களுக்கு அரசு ஆஸ்பத்திரியிலயும் பட்டியல்ல உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலயும் சிகிச்சை கிடைக்கும். 70 வயசு தாண்டினவங்களுக்கு வருமானம் பார்க்காம வருஷத்துக்கு ₹5 லட்சம் கவர் கொடுக்கிற ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபர் 29-ல் தொடங்கிச்சு. நீங்க போற ஆஸ்பத்திரியில எந்தக் கார்டு செல்லும்னு காப்பீட்டுத் திட்ட கவுண்டர்ல அட்மிஷனுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

பிசியோ செலவுக்கு ஒரு வழி இருக்கு, நிறையப் பேர் கேட்கறதே இல்ல. 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழ்நாடு அரசு தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறதும் ஒரு பகுதி. ஊர்ல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துல அம்மா பேரைப் பதிவு பண்ணச் சொல்லுங்க. தினமும் வருவாங்கன்னு எதிர்பார்க்க முடியாது. ஆனா தனியார் பிசியோவோட சேர்த்துப் பயன்படுத்தினா செலவு கணிசமா குறையும்.

வரி விஷயம், ஒரு சிஏ-வா சொல்றேன்

வருமான வரியில 80டி-ன்னு சொல்ற கழிவுல, 60 வயசு தாண்டின பெற்றோருக்குக் கட்டின ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு வருஷம் ₹50,000 வரை கழிவு உண்டுன்னு எல்லாருக்கும் தெரியும். அவங்களுக்குப் பாலிசியே இல்லைன்னா, நீங்க செஞ்ச மருத்துவச் செலவுக்கே அதே ₹50,000 வரம்புக்குள்ள கழிவு எடுக்கலாம். ரொக்கமா கொடுத்தா செல்லாது; யுபிஐ, கார்டு, பேங்க் டிரான்ஸ்ஃபர் வேணும். இதெல்லாம் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவங்களுக்கு மட்டும்தான். சர்ஜரி பில், மருந்து, டெஸ்ட், டாக்டர் எழுதிக் கொடுத்த பிசியோ பில் வச்சுக்கோங்க. பார்த்துக்க வந்த ஆளோட சம்பளத்தை இதுல சேர்க்கச் சொல்ல மாட்டேன். அதை மருத்துவச் செலவுன்னு நிரூபிக்கறது கஷ்டம்.

80டிடிபி-ல எடுக்கலாமான்னு கேட்பாங்க. அந்தப் பிரிவுல வர்ற நோய்ப் பட்டியல்ல எலும்பு முறிவு இல்ல. ஆனா, தேறாம நிரந்தரமா 40% அல்லது அதுக்கு மேல ஊனம்னு மருத்துவச் சான்று கிடைச்சு, அவங்க உங்களைச் சார்ந்து இருந்தா, 80டிடி-ல ₹75,000 கழிவு உண்டு. 80% அல்லது அதுக்கு மேலன்னா ₹1,25,000. இதுவும் பழைய முறையில மட்டும்.

ரொக்கத்துல ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, ஒரே நாள்லயோ ஒரே சிகிச்சைக்கோ ஒருத்தர்கிட்ட இருந்து ₹2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்க ஆஸ்பத்திரிக்குச் சட்டப்படி அனுமதி இல்ல. "கேஷா கட்டுங்க"ன்னு யாராவது சொன்னா யோசிங்க. ரெண்டு, அவசரத்துக்குச் சித்தப்பாகிட்டயோ ஃப்ரெண்ட்கிட்டயோ கைமாத்து வாங்கும்போது ₹20,000-க்கோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்காதீங்க. வருமான வரிச் சட்டப்படி தப்பு, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் வாங்கினவருக்கு. அக்கவுண்ட்டுக்குப் போடச் சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் நிம்மதி.

எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக்கூடாது

குறைக்கலாம்: ரூம். பாலிசி வரம்புக்குள்ள இருக்கிற ரூம்ல சேர்த்திருந்தா மேல சொன்ன உதாரணத்துல விகிதக் கழிவு ₹42,000 இருந்திருக்காது. கட்டில், ஏர் பெட், கமோட் சேர் எல்லாம் புதுசா வாங்க வேண்டாம், வாடகைக்கோ தெரிஞ்சவங்க வீட்ல இருந்தோ வாங்கலாம். வாக்கரை வெளியில வாங்கினா பெரும்பாலும் ஆஸ்பத்திரி பில்லை விடக் குறைவு.

குறைக்கக்கூடாது: பிசியோ, சாப்பாட்டுல புரதம், ரத்தக்கட்டி தடுக்கிற மருந்து, படுக்கையில திருப்பிப் படுக்க வைக்க ஒரு ஆள். ஒரு படுக்கைப் புண் வந்து மறுபடி அட்மிட் ஆனா, மிச்சம் பிடிச்சது எல்லாம் ஒரு வாரத்துல போயிடும்.

குறைக்கக்கூடாத இன்னொண்ணு, அடுத்த முறிவைத் தடுக்கிற சிகிச்சை. ஒரு தடவை இடுப்பு எலும்பு உடைஞ்சவங்களுக்கு மறுபடி எலும்பு உடையற வாய்ப்பு அதிகம். 2007-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வுல, இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன 2,127 பேர்ல ஒரு பகுதியினருக்கு 90 நாளுக்குள்ள ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை தொடர்ந்தாங்க. மத்தவங்களோட ஒப்பிட்டா அவங்களுக்குப் புது எலும்பு முறிவு 35%, இறப்பு 28% குறைஞ்சது. எல்லாருக்கும் இந்த ஊசி ஒத்துக்காது. சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி பார்த்துதான் டாக்டர் முடிவு பண்ணுவார். ஆனா ஆபரேஷன் முடிஞ்ச குடும்பங்கள் பலதும் இந்தக் கேள்வியையே கேட்காம வீட்டுக்கு வந்துடுது. முதல் ரிவ்யூல கேளுங்க: "எலும்பு மெலிவுக்குச் சிகிச்சை எப்போ ஆரம்பிக்கிறோம்?"

பார்த்துக்கற ஆள் யாரு?

உதாரணக் கணக்குல பார்த்துக்க ஆளுக்கு ₹42,000 போட்டேன். நிறைய வீட்ல இந்த வரி பூஜ்ஜியமா இருக்கும். காரணம், அக்காவோ மனைவியோ அண்ணியோ அந்த வேலையைச் செஞ்சுட்டு இருப்பாங்க. ஒருத்தர் தனியா தூக்கி, திருப்பி, குளிப்பாட்டி அவங்க முதுகும் போயிடும். சில பேர் வேலையையே விட்டிருப்பாங்க. அது இலவசம் இல்ல, பில் போடாத செலவு. அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாரும் உட்கார்ந்து பேசுங்க. யார் நேரம் கொடுக்கிறாங்க, யார் பணம் கொடுக்கிறாங்கன்னு முதல் வாரத்துலயே பிரிச்சுக்கோங்க. நேரம் கொடுக்கிறவங்ககிட்ட பணமும் கேட்காதீங்க. ஒரு வாட்ஸ்அப் குரூப்ல செலவு ஷீட் போட்டு, பில் போட்டோவை அதுல போட்டுடுங்க. ஆறாவது மாசம் "நான்தான் எல்லாம் செஞ்சேன்"ங்கிற சண்டை பாதி குறையும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

1. அப்பா அம்மா பாலிசியை எடுத்து நாலு வரி பாருங்க: ரூம் வரம்பு, கோ-பே, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய நாட்கள், காத்திருப்புக் காலம். ஒரு பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து வீட்ல எல்லாருக்கும் அனுப்புங்க.
2. பெற்றோருக்குன்னு தனியா ஒரு ஃபண்ட். இலக்கு உங்க மூணு நாலு மாசச் சம்பளம். ஒரேயடியா முடியலைன்னா மாசம் ₹5,000 ஆர்டி-யில ஆரம்பிங்க. இது ஈக்விட்டி எஸ்ஐபி-க்கான பணம் இல்ல, நாளைக்கே எடுக்க முடியணும்.
3. பாத்ரூம்ல கைப்பிடி, வழுக்காத மேட், ராத்திரி எரியற சின்ன பல்பு. மேல இருக்கிற கணக்குல எல்லா வரியையும் விட இதுதான் மலிவு, அதுவும் விழறதுக்கு முன்னாடியே செய்யக்கூடியது.
4. கண் பரிசோதனை, தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை டோஸ் பத்தி குடும்ப டாக்டர்கிட்ட ஒரு தடவை பேசுங்க. தலைசுத்தலால விழறவங்க நிறையப் பேர்.

இந்தக் கணக்கை ஒரு ஷீட்டா போட்டு, ரூம் வரம்பை மாத்தினா எவ்வளவு மாறுதுன்னு இந்த வார வீடியோல காட்டியிருக்கேன். உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. வீட்ல யாருக்காவது ஏற்கெனவே ஆபரேஷன் முடிஞ்சு 60 நாள் ஆகலைன்னா, வீடியோவை அப்புறம் பார்க்கலாம். முதல்ல டிஸ்சார்ஜுக்கு அப்புறம் வாங்கின எல்லா பில்லையும் தேடி எடுத்து, கடைசித் தேதி எப்போன்னு பாலிசியில பார்த்து கிளெய்ம் போட்டுடுங்க.